கட்டில் கணக்கு

அன்புள்ள நண்பா,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, திட்டிக்கொள். உங்கள் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) இன்னும் 5 கட்டில் போடப்போவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. கணக்குப்புலி நீ, வாங்கும் முன் இதையும் போட்டுப் பார்.

20 கட்டில் என்றால் நாளுக்கு 480 மணி நேரம். ஆளுக்கு 4 மணி நேரம் வைத்தால் 120 பேரைப் பார்க்கலாம். அட்மிஷன் எழுதியும் வார்டில் இடமில்லாமல் நாள் முழுக்க 5 கட்டிலில் ஆள் கிடந்தால் 90 பேர்தான். மீதி 30 பேர் எங்கே போவார்கள்? ஆம்புலன்ஸ் வாசலில் காத்துக்கிடப்பது அதனால்தான். புதுக் கட்டிலும் இப்படியே அடைபடும்.

கூட்டம் கூடுவது நிஜம். வயதானவர்கள் அதிகமாக வருகிறார்கள், ஒருவருக்கே சர்க்கரை, பிரஷர், சிறுநீரகக் கோளாறு எல்லாம் சேர்ந்து. சளி காய்ச்சல்காரர்களால்தான் நெரிசல் என்று உங்கள் ஆஸ்பத்திரிப் பெரியவர் இன்னமும் சொல்கிறாரா? அவர்கள் கட்டிலே கேட்பதில்லையே! நாற்காலியில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டோடு கிளம்பிவிடுகிறார்கள்.

வார்டைப் பார். மதியத்துக்குள் அட்மிஷன் குவிந்துவிடும். அங்கே ரவுண்ட்ஸ் முடிந்து, டிஸ்சார்ஜ் சம்மரி டைப்பாகி, மருந்து கைக்கு வந்து கட்டில் காலியாவது சாயங்காலம். நாளை யார் வீட்டுக்குப் போகலாம் என்று முந்தின மாலையே குறித்து, சம்மரியையும் மருந்துச் சீட்டையும் எழுதிவைக்கச் சொல். காலை ரவுண்ட்ஸில் முதலில் மோசமாக இருப்பவர்கள், அடுத்து வீட்டுக்குப் போகிறவர்கள். வண்டிக்குக் காத்திருப்பவர் தனி அறையில் உட்காரட்டும். கட்டில் காலியான தகவல் துப்புரவுப் பணியாளருக்குப் போகாமல் மணிக்கணக்கில் சும்மா கிடப்பதும் உண்டு, அதையும் கவனி.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. டிரையாஜில், அதாவது வந்தவுடன் யாருக்கு அவசரம் என்று நிறம் போட்டுப் பிரிக்கும் இடத்தில், பச்சை (அவசரமில்லை) போட்டவர் கடைசிவரை பச்சையாகவே இருப்பார் என்று சொல்லமுடியாது. வயிற்றுவலி என்று வந்து உட்கார்ந்த முதியவர் 2 மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நாடி 120, பிரஷர் 90க்குக் கீழே என்று சரிந்துவிடுவார். யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் தூங்குகிறார் என்றே நினைப்பார்கள். காத்திருப்போரைச் சுற்றிவந்து நாடி, பிரஷர், மூச்சு, ஆக்ஸிஜன் பார்க்கவென்றே ஷிஃப்டுக்கு ஒரு செவிலியர் வேண்டும். நெஞ்சுவலி என்றால் வந்த 10 நிமிடத்தில் ஈசிஜி. கட்டில் இல்லையென்று அதைத் தள்ளிப்போடாதே, ஒரு திரை மறைப்பு போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். ஒரு வாரம் தினமும் காலை 8 மணிக்கு, அட்மிஷன் எழுதியும் நகராமல் கிடப்பவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி நேரமாக என்று குறித்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுக் கட்டில் வாங்குவதைப் பேசலாம்.

அன்புடன்,
உன் நண்பன்