நக மாத்திரை தயாரிப்பவர்களே, பெட்டியின் முன்பக்கத்தில் இதையும் அச்சிடுங்கள்

நகத்துக்கும் முடிக்கும் என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். ஐம்பதை நெருங்கும் வயது. நாள் முழுக்கக் கை கழுவுவதும், கையுறை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிற வேலை. அதனால் என் நகங்களும் நுனியில் ஏடு ஏடாக உரிகின்றன. உங்கள் விளம்பரம் யாரைப் பார்த்துப் பேசுகிறதோ, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. உங்கள் மாத்திரை எங்கள் கருவிகளைக் குழப்பும் இடத்தில் உட்கார்ந்திருப்பவளும் நான்தான்.

ரத்தம் எடுப்பதற்கு முன் "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்போம். சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு என்று சொல்வார்கள். நகத்துக்குச் சாப்பிடுவதைச் சொல்பவர் அபூர்வம். யாரும் மறைப்பதில்லை; அதை ஒரு மருந்தாகவே அவர்கள் நினைப்பதில்லை, அவ்வளவுதான். அழகுப் பொருள்களுக்கு நடுவில் வாங்கியதை ஏன் மருந்து என்று நினைக்க வேண்டும்?

வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கிறது. பத்தாயிரம் என்பது தேவையைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல். கேட்டால், நீரில் கரையும் வைட்டமின், மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்பீர்கள். சரி, போய்விடும். ஆனால் போகும்வரை அது ரத்தத்தில்தானே இருக்கிறது? அந்த ரத்தம்தான் எங்கள் குழாய்க்குள் வருகிறது.

பல ஹார்மோன் பரிசோதனைகளில் பயோட்டினை ஒரு கொக்கியைப் போலப் பயன்படுத்துகிறார்கள். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பயோட்டினை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை வைத்துத்தான் அளவு கணக்கிடப்படுகிறது. வந்த ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால், அது முந்திக்கொண்டு அந்த இடங்களைப் பிடித்துவிடும். விளைவு, தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம். தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 கூடுதலாகத் தெரியலாம். தாளைப் படிக்கும் மருத்துவருக்குத் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பதுபோல் இருக்கும். எல்லாக் கருவிகளும் இந்த முறையில் இயங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் தன் ரத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று எந்த நோயாளிக்குத் தெரியும்?

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. தைராய்டு குறைவாகச் சுரந்தால் நகம் வறண்டு உடையும். நடுவயதுப் பெண்களிடம் அது அரிதான நோயும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் நகம் உடைகிறதே என்று முதலில் உங்கள் மாத்திரையை வாங்குகிறார். பிறகு சோர்வு, எடை கூடுதல் என்று மருத்துவரிடம் போகிறார். பரிசோதனை செய்கிறார்கள். உயர்ந்து நிற்க வேண்டிய டி.எஸ்.எச்., பயோட்டினால் இறங்கி, சாதாரண அளவு மாதிரி தெரிகிறது. நகம் எதைக் காட்டிக்கொடுக்கப் பார்த்ததோ, அதை நகத்துக்கான மாத்திரை மறைத்துவிட்டது.

இதைவிட அவசரமான இடமும் உண்டு. மாரடைப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க, இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தை அளக்கிறார்கள். பயோட்டின் அதையும் குறைத்துக் காட்டக்கூடும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. அதிக அளவு பயோட்டின் எடுத்துவந்த ஒருவருக்கு ட்ரோபோனின் தவறாகக் குறைந்து காட்டியதையும், அவர் இறந்துபோனதாக வந்த தகவலையும் அந்த எச்சரிக்கை குறிப்பிட்டது. 2019இல் அதைப் புதுப்பித்து மறுபடியும் சொன்னார்கள். நீங்கள் இதைப் படித்திருக்கமாட்டீர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சரி, இவ்வளவு அதிகமாக எடுப்பதற்கு ஆதாரமாவது பலமாக இருக்கிறதா? பயோட்டின் நகத்துக்கு நல்லது என்ற யோசனையே கால்நடை மருத்துவத்திலிருந்து, குதிரைக் குளம்பிலிருந்து வந்தது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனிதர்களிடம் பார்த்தார்கள். நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம், அதாவது 2,500 மைக்ரோகிராம், பல மாதங்கள். சிலருக்கு நகம் தடித்தது. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தவை அல்ல. அதனால் பயனே இல்லை என்று நான் வாதாட வரவில்லை, சிலருக்கு உதவியிருக்கலாம். நான் கேட்பது வேறு. அந்த ஆய்வுகளைக் காட்டித்தான் விற்கிறீர்கள் என்றால், அவற்றில் கொடுத்ததைப்போல் நான்கு மடங்கை ஏன் ஒரே மாத்திரையில் அடைக்கிறீர்கள்? எண் பெரிதாக இருந்தால் நன்றாக விற்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

'முப்பதே நாளில் உறுதியான நகம்' என்ற பேச்சையும் நிறுத்துங்கள். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனிவரை முழுதாகப் புதுப்பிக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். வயது கூடக்கூட அந்த வேகமும் குறைகிறது. இன்று உரியும் நுனி, சில மாதங்களுக்கு முன்பே உருவாகி வெளியே வந்துவிட்ட நகம். அது கெரட்டின் என்ற உயிரற்ற புரதம். இன்று விழுங்கிய எந்த மாத்திரையும் அதைத் தொடாது. கால்சியம் சேர்த்து 'இரட்டை உறுதி' என்று எழுதுவதும் அப்படித்தான். நகத்தின் கடினம் கெரட்டினுக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளிலிருந்து வருகிறது. கால்சியம் அதில் மிகச் சொற்பம். நகத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள்கூடப் பெரும்பாலும் எங்கேயோ இடித்துக்கொண்ட தழும்புதான். அதைக் காட்டிக் கால்சியம் விற்பது எனக்கு எரிச்சலைக் கிளப்பும் விஷயம்.

உடையும் நகத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, கால் விரலைப் பாருங்கள் என்பது. கால் நகம் நன்றாக இருந்து கை நகம் மட்டும் உரிந்தால், காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கிறது: தண்ணீர், சோப்பு, நெயில் பாலிஷ் அகற்றும் அசிட்டோன். நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்து சுருங்கும். ஒரு நாளில் இது திரும்பத் திரும்ப நடந்தால் அடுக்குகளுக்கு இடையிலான ஒட்டு விட்டுவிடும். நடுவயதில் நகத்தின் கொழுப்புச் சத்து குறைவதால் அது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. இதற்கு மாத்திரை தேவையில்லை. ஈர வேலைக்கு உள்ளே பருத்தி வைத்த ரப்பர் கையுறை. இரவில் விரல் நுனிகளைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஒற்றி எடுத்து, ஈரம் போவதற்குள் பெட்ரோலியம் ஜெல்லியோ யூரியா கலந்த களிம்போ தடவுவது. நகத்தைக் குட்டையாக வைத்து, அரத்தை ஒரே திசையில் இழுப்பது. நகத்தின் அடியோரத் தோலை வெட்டாமல் விடுவது. நகத்தை உறுதியாக்கும் பூச்சுகளில் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அது முதலில் கல்போல ஆக்கிவிட்டு, தொடர்ந்து போட்டால் வளையவே முடியாமல் நகத்தை நொறுங்க வைக்கும். அதையும் உங்களில் சிலர்தான் தயாரிக்கிறீர்கள், அதற்குத் தனி மடல் எழுதலாம்.

கை, கால் இரண்டிலும் நகம் கெட்டால் உள்ளே பார்க்க வேண்டும். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் சிலருக்கு உதிரப்போக்கு அதிகமாகி இரும்புச்சத்து குறையும். நகம் மெலிந்து, முற்றினால் கரண்டிபோலக் குழியும். ஹீமோகுளோபினும், உடலில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம், ஒரே ஒரு நகம் மட்டும் மாறினாலோ, புதிதாகக் கருங்கோடு தோன்றினாலோ, எந்த மாத்திரைக்கும் காத்திராமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது விற்பனையை நிறுத்தச் சொல்லி அல்ல. பெட்டியின் முன்பக்கத்தில், படிக்கக்கூடிய எழுத்தில், இப்படி அச்சிடுங்கள்: "இதில் உள்ள பயோட்டின் தைராய்டு, இதயம் தொடர்பான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டலாம். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே இதை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அவசர சிகிச்சைக்குப் போனால், இதைச் சாப்பிடுவதை உடனே சொல்லுங்கள். பலன் தெரிந்தால்கூட மாதங்கள் ஆகும்."

இடம் இல்லை என்று சொல்ல வேண்டாம். 10,000 என்ற எண்ணுக்கு ஒதுக்கியிருக்கும் இடத்தில் பாதி போதும். பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இணையத்தில் வாங்குகிறவர்கள் நிறைய. அவர்களுக்காக விற்பனைப் பக்கத்திலும் இதே வரிகள் வேண்டும், 'வாங்கு' பொத்தானுக்கு மேலே.

இப்படிக்கு,
ஒரு பரிசோதனைக் கூட ஊழியர்