காத்தாடிப் பாடம்

ராயபுரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்திக்குக் காது குத்திய படத்தைப் பார்த்தேன். அப்படியே உன் அம்மா ஜாடை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குத்தான் மூட்டுவலி விட்டபாடில்லை.

பதில் தாமதமானதற்குக் காரணம் ஒரு விமானம். பெரியவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுவிட்டான். அதில் ஃபிளைட் சிமுலேட்டர், அதாவது திரையிலேயே விமானம் ஓட்டும் விளையாட்டு, இருந்தது. ஜெட் விமானங்கள் இரண்டே நாளில் அலுத்துவிட்டன. அப்புறம் டைகர் மாத்தைத் திறந்தேன். நான்கு மாதமாக அதேதான்.

1931-ல் முதன்முதலில் பறந்த பிரிட்டிஷ் பயிற்சி விமானம் அது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு ரெக்கை, மரச்சட்டத்தின் மேல் துணி. 130 குதிரைத்திறன் எஞ்சின். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நம் விமானப்படைப் பையன்களும் இதில்தான் பழகினார்கள். பிரேக் கிடையாது. தனியாக ஓட்டினால் பின் சீட்டில் உட்கார வேண்டும். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்ப்பதால் எதிரே ஒன்றும் தெரியாது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபடிதான் ஊர முடியும். வேகம் எடுக்கும்போது வலப்பக்கம் இழுக்கும், இடது காலால் மிதித்துப் பிடிக்க வேண்டும். விமானத்தை ஓட்டும் கைப்பிடி, ஜாய்ஸ்டிக், ரிச்சி தெருவில் பழசாகக் கிடைத்தது. பெடலுக்கு வண்ணாரப்பேட்டையில் இரண்டு பலகை அறுத்து வாங்கி, கீல் வைத்து நானே செய்தேன்.

ஏற்றுவது சீக்கிரம் வந்துவிட்டது. இறக்குவதுதான் பாடு. சக்கரம் தரையைத் தொட்டதும் எகிறும். பதறிப்போய் ஸ்டிக்கை முன்னால் தள்ளுவேன், இன்னும் உயரமாக எகிறும். தப்பித் தவறி இறங்கினாலும் வால் சுற்றிக்கொண்டு ரெக்கை தரையில் உரசும். இரண்டு வாரம் இதே கதை.

ஒரு நாள் சாயங்காலம் உங்கள் வீட்டு மொட்டை மாடி ஞாபகம் வந்தது. காத்தாடி குத்திக்கொண்டு இறங்கும்போது நான் பயந்துபோய் இழுப்பேன், அது இன்னும் வேகமாகக் குத்தும். "இழுக்காதடா, நூலை விடு, அதுவே திரும்பும்" என்பாய். இங்கேயும் அதே பொறுமைதான் வேண்டியிருந்தது. தரை நெருங்கியதும் எஞ்சினைக் குறைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விமானம் அமிழ அமிழ ஸ்டிக்கை அங்குலம் அங்குலமாக வயிற்றுப் பக்கம் கொண்டுவர வேண்டும். இரண்டு சக்கரமும் வாலும் ஒரே நேரத்தில் உட்காரும். அது முழுசாக நிற்கும்வரை கால் சும்மா இருக்கக் கூடாது. அன்று முதல் தடவையாக எகிறாமல் இறங்கியபோது கண் கலங்கிவிட்டது, சேகர்.

போன ஞாயிற்றுக்கிழமை மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி மெரினா, துறைமுகம், காசிமேடு என்று கரையோரமாகவே வந்தேன். அன்றைய நிஜக் காற்றையே சிமுலேட்டரில் வைத்துக்கொள்ளலாம். மதியம் இங்கே ஜன்னல் திரை ஆடத் தொடங்கியது, கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் திரையில் விமானமும் ஆடியது. கடற்காற்று! திரும்பிப் போய், அந்தக் காற்றுக்கு எதிர்முகமாக 12-ஆம் எண் ஓடுபாதையில் இறக்கினேன்.

திரும்புவதற்கு முன் நம் தெரு மேல் இரண்டு சுற்று சுற்றினேன். வீடுகளெல்லாம் வெறும் பெட்டி பெட்டியாக இருந்தன. உங்கள் மாடி எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

தை மாதம் வருகிறேன் என்றாயே, தேதியை எழுது. ஸ்டிக்கை உன் கையில் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மோகன்