தேக்குக் கட்டில் என்று விற்றது என்ன மரம்? எழுத்தில் பதிலும் முழுப் பணமும் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.
(பெயர், கைபேசி எண், ஆர்டர் எண் மூன்றும் இணைத்துள்ள பில் நகலில் உள்ளன.)

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்,
தலைமை அலுவலகம், பெங்களூரு.
நகல்: மேலாளர், ஓசூர் ஷோரூம்.

பொருள்: சாலிட் வுட் தேக்குக் கட்டில், டைனிங் டேபிள் – வேறு மரம் கொடுத்தது, பூச்சி அரிப்பு, பணம் திரும்பக் கோருதல்.

ஐயா,

வணக்கம். போனில் பேசிப் பேசி எனக்கு வாய் வலித்துவிட்டது. உங்கள் கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் புது ஆள் எடுக்கிறார். ‘என்ன சார் பிரச்சினை’ என்று முதலிலிருந்து கேட்கிறார். நானும் முதலிலிருந்து சொல்கிறேன். ‘டிக்கெட் போட்டாச்சு சார், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க’ என்று வைத்துவிடுகிறார். கூப்பிட ஆள் இல்லை. ஆனால் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் மட்டும் தவறாமல் வருகிறது. யார் தீர்த்தார்கள், எப்போது தீர்த்தார்கள் என்று தெரியவில்லை. அதனால் எழுத்தில் கேட்கிறேன். நீங்கள் எனக்கு விற்ற கட்டில் என்ன மரம்?

விற்றவர் நீங்கள். எந்த மில்லில் மரம் எடுத்தீர்கள், எங்கே அறுத்தீர்கள், எந்தப் பட்டறையில் செய்தீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஒரு வரி எழுதித் தர இவ்வளவு தயக்கம் ஏன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

புது வீடு கட்டி, தை மாதம் குடிபுகுந்தோம். ஓசூர் ஷோரூமில் கட்டில் 64,500 ரூபாய், ஆறு நாற்காலியோடு டைனிங் டேபிள் 58,000 ரூபாய். ஆர்டர் ஃபாரத்தில் உங்கள் ஊழியர் தன் கையால் ‘டீக், சாலிட் வுட், கிங் சைஸ்’ என்று, அதாவது முழுத் தேக்கு மரம் என்று எழுதியிருக்கிறார். அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. டெலிவரி அன்று வண்டியைத் தெருவில் நிறுத்தி, மீதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பினால்தான் இறக்குவோம் என்றார்கள், அனுப்பினேன். பிறகு வந்த பில்லில் பார்த்தால் டீக் என்ற வார்த்தையே இல்லை. ‘வுடன் காட்’ (மரக்கட்டில்), வரிக்கான பொருள் எண் எச்எஸ்என் 9403, ஜிஎஸ்டி 18 சதவீதம், அவ்வளவுதான். வரியைக் கணக்காக வாங்கத் தெரிந்தவர்களுக்கு மரத்தின் பெயரை எழுத மட்டும் பேனாவில் மை இல்லையா?

கொசுவலைக் கம்பி மாட்டுவதற்காகத் தலைமாட்டுப் பலகையில் எங்கள் ஊர் ஆசாரி டிரில் போட்டார். தேக்கில் துளை போட்டால் சுருள் சுருளாகப் பொன் நிறத்தில் சீவல் வரும், கை வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், வாசனையே தனி. இதில் மண் நிறத்தில் நைசாகத் தூள்தான் கொட்டியது. ஆசாரி டிரில்லை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ‘இது அமுக்கின அட்டைங்கய்யா, மேலே தேக்குத் தோல் ஒட்டியிருக்காங்க’ என்றார். பிறகு மெத்தையைத் தூக்கி, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரைக் கழற்றித் திருப்பினோம். மேல்பக்கம் காப்பி நிறப் பாலிஷ். அடிப்பக்கம் பாலிஷே இல்லை. சாம்பல் கலந்த வெளிர் நிறம், ஊடே கறுப்புக் கோடுகள்.

மாம்பலகை, ஐயா. சந்தேகமே இல்லை.

நான் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டம். எங்கள் குடும்பத்துக்கு மாந்தோப்பு இருக்கிறது. காய்ப்பு ஓய்ந்த மரத்தை வெட்டி, மில்லில் கொடுத்து, பெட்டிப் பலகைக்கும் சென்ட்ரிங் வேலைக்கும் அறுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். மாம்பலகையைத் தேக்கு என்று விற்பதற்கு உங்களுக்கு வேறு மாவட்டமே கிடைக்கவில்லையா? மாமரத்தில் சாமான் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. ராஜஸ்தான் பக்கம் அதிலேயே அழகாகச் செய்து, மாமரம் என்று சொல்லியே, அதற்குரிய விலைக்கு விற்கிறார்கள். அதுதான் வியாபாரம்.

கால்மாட்டுப் பக்கம் இரண்டு கால்களின் அடியில் தினமும் காலையில் மாவு சலித்துக் கொட்டியதுபோல் வெள்ளைத் தூள். கிட்டே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தால் குண்டூசி நுழையும் அளவில் துளைகள். பெருக்கித் தள்ளினால் மறுநாள் திரும்பவும் தூள். அந்தத் தூளால்தான் அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த மருந்துச் செலவும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

இதைச் சொன்னபோது உங்கள் சேவை மையத்தில் ஒருவர் பேசினாரே, அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. ‘சாலிட் வுட்னா மரம்தான சார்? நாங்க என்ன பிளாஸ்டிக்கா குடுத்தோம்?’ என்றார். சரி, ஆர்டர் ஃபாரத்தில் தேக்கு என்று எழுதியிருக்கிறதே என்றேன். ‘மாங்கா விக்கிறவங்களுக்கு ஃபர்னிச்சர் பத்தி என்ன சார் தெரியும்?’ என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் யாரிடமோ சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. உங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவு செய்யப்படுகின்றன என்று ஆரம்பத்திலேயே ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள். உங்கள் வீட்டில் பெரியவர்களிடம் யாராவது அப்படிப் பேசினால் சும்மா இருப்பீர்களா?

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும். உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். ஓசூர் கவுண்டரில் இருந்த அந்தப் பெண், ‘அண்ணா, நீங்க சொல்றது நியாயம்தான், எனக்கு மேல பேச அதிகாரம் இல்ல’ என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். அவருக்கு நன்றி.

ஆனால் அந்தப் பயணம்! ஞாயிற்றுக்கிழமை மேனேஜரும் டெக்னீஷியனும் ஷோரூமில் இருப்பார்கள், மாதிரியோடு வாருங்கள் என்று உங்கள் ஆளே போனில் சொன்னார். ரீப்பரைத் துணியில் சுற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து ஓசூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டார். போனால் மேனேஜர் லீவு. டெக்னீஷியன் என்று ஒருவர் அந்தக் கிளையில் கிடையவே கிடையாதாம். குடோனில் கேளுங்கள் என்றார்கள். மாநில எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி தாண்டி, கர்நாடகத்து அத்திப்பள்ளி வரை போனேன். குடோன் செக்யூரிட்டி கேட்டைத் திறக்கவில்லை. கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கையை ஆட்டினார். உச்சி வெயிலில், கையில் ஒரு மரத்துண்டோடு ரோட்டோரம் நின்றேன். அதே நாள் தோப்பில் பெங்களூரா ரக மாங்காய் பறிப்பு. நான் இல்லாததால் வியாபாரி தன் இஷ்டத்துக்கு எடை போட்டு, விலையையும் அடித்துவிட்டார். இந்தக் கட்டிலால் என் ஒரு வருஷ மகசூலே போனது என்றுதான் சொல்வேன்.

டைனிங் டேபிளைச் சொல்ல மறந்துவிட்டேன். ஈரத்துணியால் துடைத்ததற்கே ஓரத்தில் பட்டையாக உரிகிறது. முழுப் பலகையாக இருந்தால் மேலே ஓடும் ரேகை விளிம்பில் இறங்கித் தொடரும். இதில் மேலே ஒரு ரேகை, விளிம்பில் ஒட்டிய பட்டையில் வேறு ரேகை. இதற்கு உங்கள் பதில், ‘ஆத்தங்கரை ஊரு சார், ஈரக்காத்து’ என்பது. தென்பெண்ணைக் கரையில் எங்கள் தாத்தா காலத்துத் தேக்குப் பெஞ்சு இன்னும் அசையாமல் நிற்கிறது. பொதுவாக 10, 12 சதவீதத்துக்கு ஈரத்தை இறக்கிப் பதப்படுத்திய பிறகுதானே மரத்தில் கை வைப்பார்கள்? என் சாமானுக்கு எவ்வளவு இருந்தது? அளந்த கணக்கு இருக்குமே, அனுப்புங்கள். வாரண்டி அட்டையில் ‘பூச்சிக்கு ஐந்து வருடம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கீழே ‘மரத்தின் இயற்கைத் தன்மைகளுக்குப் பொருந்தாது’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பூச்சி அரிப்பதும் இயற்கைத் தன்மை என்றால் அந்த வாரண்டி எதற்கு?

வம்பு வழக்கு எனக்குப் பழக்கமில்லை. பேசித் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறேன். ஆனால் ஆர்டர் ஃபாரத்தின் கீழே ‘பெங்களூரு நீதிமன்ற எல்லைக்கு மட்டும்’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டி என்னைப் பயமுறுத்த வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் எனக்குப் பக்கம், உங்களுக்குத்தான் தூரம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் பஸ் ஏறிப் பாருங்கள், அலைச்சல் என்றால் என்னவென்று தெரியும். அதற்கு முன்பாகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்வேன்.

மரம் எது என்பதை நீங்கள் எழுதித் தராவிட்டாலும் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஒரு துண்டு கொடுத்தால் என்ன மரம் என்று பரிசோதித்துச் சொல்வார்கள். உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் அதே ஊர்தான். அந்த அறிக்கையோடு ஆணையத்துக்குப் போனால் உங்கள் பெயர் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கட்டிலும் டேபிளும் என்ன மரம், எந்தப் பாகம் முழு மரம், எந்தப் பாகம் அமுக்கிய பலகை என்று கையெழுத்து, முத்திரையோடு எழுதித் தர வேண்டும். இரண்டையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 1,22,500 ரூபாயை என் வங்கிக் கணக்கில் போட வேண்டும். மாற்றுச் சாமான், கூப்பன், தள்ளுபடி எதுவும் எனக்கு வேண்டாம். மருந்து, பயணம், காய் நஷ்டம், மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 லட்சம் கேட்க எனக்கு உரிமை உண்டு. முதல் இரண்டையும் மரியாதையாக முடித்துக் கொடுத்தால் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் தயாராக இருக்கிறேன்.

இணைப்பு: ஆர்டர் ஃபாரம், பில், வாரண்டி அட்டை நகல்கள், தலைமாட்டுப் பலகைத் துளை, ரீப்பர் அடிப்பக்கம், கட்டில் காலடித் தூள் ஆகியவற்றின் படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டணம்.

பி.கு.: இது சம்பந்தமாகப் போன் செய்வதாக இருந்தால், அன்று சிரித்த அந்த ஆளை மட்டும் பேச விடாதீர்கள். பேசுகிறவர் முதலில் தன் பெயரைச் சொல்லட்டும். குடோனிலிருந்து திரும்பும் வழியில் ஓசூர் ஷோரூமில் ‘மேனேஜரிடம் காட்டுகிறோம்’ என்று வாங்கி வைத்துக்கொண்ட என் ரீப்பரையும் திருப்பி அனுப்பவும். ஒரு ரீப்பர் குறைந்து கட்டில் அந்த இடத்தில் பள்ளமாக இருக்கிறது.