அக்காவுக்கு, கனடா ஸ்காபரோவிலிருந்து

ஸ்காபரோ
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சின்னவளும் சுகம். நீங்கள், அத்தான், பிள்ளையள், அம்மா எல்லாரும் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டுறன். மாமியின்ர மகன் கொண்டுவந்த பார்சல் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. மிளகாய்த்தூளுக்கும் புழுக்கொடியலுக்கும் நடுவில உங்கட கடிதம். அம்மா பக்கத்தில இருக்கிறதால போனில கேக்கேலாமல் எழுதியிருக்கிறியள். அதே காரணத்துக்காக நானும் எழுதுறன். முதல்ல நீங்கள் தனிய வாசியுங்கோ.

மார்க்கத்தில இருக்கிற மாமி சொன்னது உண்மை. நான் திரும்பக் கட்டப்போறன், ஆள் மட்டக்களப்பு.

இந்தமுறை குளிர் கடுமை, விடியப்புறம் மைனஸ் இருபதுக்கும் போகுது. ஸ்காபரோ ரயில் 2023 ஆடியில தடம் புரண்டதோட நிப்பாட்டினது, பிறகு ஓடவேயில்லை. வேலைக்குப் போற சனம் பஸ் பிடிச்சுக் கென்னடி ஸ்டேசனில இறங்கித்தான் சுரங்க ரயில் எடுக்கவேணும். அந்த பஸ் வரிசையிலதான் அவரும் நானும் கதைக்கத் தொடங்கினது. இதே கட்டடத்தில ஏழாம் மாடி எண்டது பிறகுதான் தெரியும். ஊர் மட்டக்களப்பு, நாவலடி. 2004 மார்கழி 26இல கடல் அவற்ற மனிசியையும் கைக்குழந்தையையும் கொண்டுபோட்டுது. அதை எனக்குச் சொல்ல அவருக்குக் கனகாலம் எடுத்தது.

மட்டக்களப்பார் பாயோட ஒட்டவைச்சுப்போடுவினம் எண்டு அம்மா கட்டாயம் சொல்லுவா. அதைக் கேட்டுத்தானே நாங்கள் வளர்ந்தது. ஆனா பொருத்தமெல்லாம் பாத்து எங்கட பக்கத்து ஆளைத்தான் நான் கட்டினது. அவர் எங்களை எப்பிடி விட்டுட்டுப் போனவர் எண்டு உங்களுக்குத் தெரியும். லண்டன் சம்பந்தமும் எங்கட ஆக்கள்தான். பிள்ளையை அம்மாவிட்ட விட்டுட்டு வந்தாச் சரி எண்டு கேட்டவை. அதுக்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு மனமில்லை. ஊரும் உறவும் பாத்துச் செய்தது ஒண்டும் என்னைக் காப்பாத்தேல்லை, அக்கா.

போன மாசம் ஒருநாள் காலமை சின்னவளின்ர சப்பாத்துச் சிப் இறுகிப்போச்சு. பனிக்கு றோட்டில கொட்டுற உப்பு வெள்ளையாய்ப் படிஞ்சு சிப்பின்ர பல்லுக்குள்ள ஏறியிருக்கு. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது, அவள் அழுறாள். எதிர்வீட்டு அம்மாவுக்கு மருந்து கொண்டுவந்த இவர் சத்தம் கேட்டு வந்தார். வாசல்லயே குந்தியிருந்து, சுடுதண்ணியில துணியை நனைச்சு ஒவ்வொரு பல்லாத் துடைச்சார். மெழுகுதிரி கேட்டு வாங்கித் தேய்ச்சார். தான் பூட்டிவிடேல்லை. “இப்ப நீயே இழு மகள்” எண்டு அவளின்ர கையில விட்டார். ஆரும் ஆம்பிளையள் வந்தா அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்துறவள், அண்டைக்குப் பள்ளிக்கூடம்வரைக்கும் அவரோட கதைச்சுக்கொண்டு போனாள். அதைப் பாத்த பிறகுதான் நான் ஓம் எண்டனான்.

எதிர்வீட்டு அம்மா கயானாக்காரி. அவவின்ர பூட்டன்மார் மதராசிலயிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவையாம். தமிழ் தெரியாது, ஆனா மாரியம்மா எண்டு சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுறா. உங்கட தூளில ஒரு போத்தல் குடுத்தன், கண்ணால தண்ணி ஓட ஓட மீன்குழம்பு சாப்பிட்டா. நான் பின்னேர வேலைக்கும் போறபடியால் சின்னவளைப் பாக்கிறது அவதான். கஷ்டத்துக்குப் போறனெண்டு நினைக்காதேங்கோ, வீட்டில சும்மா இருக்கிற நேரம்தானே. அம்மாவின்ர கண் ஒப்பரேசன் காசு பங்குனிக்குள்ள வரும், வங்கியில சின்னச் சுணக்கம். கலியாண எழுத்து முடிஞ்சா, அரசாங்கம் தாற பிள்ளைக்காசு ரெண்டுபேற்ற உழைப்பையும் சேர்த்துப் பாத்துத்தான் தருவாங்களாம். குறையும், சமாளிப்பம்.

புழுக்கொடியலை ராத்திரி தனிய இருந்து சாப்பிட்டனான். கிணத்தடியில குந்தியிருந்து பனங்கிழங்கைக் கிழிச்சு, தும்பை இழுத்தெறிஞ்சு, ஆருக்குப் பெரிய பாதி எண்டு சண்டை பிடிப்பமே. இங்க அப்பிடிச் சண்டை பிடிக்க எனக்கு ஆரும் இல்லை, அக்கா. ஏன் எல்லாரும் இப்பிடித் திக்குத்திக்காய்ப் போனம்?

கிணத்தடிக் காணி விசயம். நான் கட்டமுதல் உங்கட பேருக்கு உறுதி எழுதவேணுமெண்டு அத்தான் சொல்லுறாராம், காணி பிறத்தியாற்ற கைக்குப் போயிடும் எண்டு பயமாம். இங்க ஒரு தமிழ் வக்கீலிட்ட விசாரிச்சன். தேசவழமை எண்ட யாழ்ப்பாணத் தமிழற்ற வழமைச் சட்டத்துக்கு உட்பட்டவரைக் கட்டினாத்தான், 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, என்ர சீதனக் காணியை விக்கவும் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். இவருக்குத் தேசவழமை இல்லை. இவரைக் கட்டி இருக்குமட்டும் எனக்கும் அந்தக் கட்டு இல்லை, நான் தனியக் கையெழுத்து வைக்கலாம். எந்தக் காணி எண்டுகூட இவர் கேட்டதில்லை. அதால இப்ப உறுதி எழுதமாட்டன். அம்மா இருக்குமட்டும் வீடு அவவுக்கு. தேங்காயையும் மாங்காயையும் நீங்கள் எடுங்கோ, அதில எனக்கு ஒரு கணக்கும் இல்லை.

அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும், ஒப்பரேசன் முடிஞ்ச பிறகு. பக்குவமாய்ச் சொல்லுங்கோ, ஆனா மறைச்சுச் சொல்லாதேங்கோ. கடல் கொண்டுபோன கதையையும் சொல்லுங்கோ.

வைகாசியில எழுத்து வைப்பம் எண்டிருக்கிறம். என்ர விவாகரத்து யாழ்ப்பாணக் கோட்டில எடுத்ததெண்டபடியால் இங்க லைசென்ஸ் எடுக்க வேறயும் பத்திரம் கேக்கினம். தீர்ப்பின்ர அத்தாட்சிப்படுத்தின பிரதி கட்டாயம் வேணும். அத்தான் கோட்டடிக்குப் போய் எடுத்து, தமிழில இருந்தா இங்கிலிசு மொழிபெயர்ப்பும் செய்வித்து அனுப்பட்டும். வழக்கு இலக்கம் அம்மாவின்ர தகரப்பெட்டியில, நீலக் கோப்புக்குள்ள கிடக்கு. பங்குனி நடுவில மாமியின்ர மகன் திரும்பவும் வாறார், அவரிட்டக் குடுத்துவிடுங்கோ.

உங்கட தங்கச்சி