யமுனாவும் காத்திருந்தாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்கு அந்த நாவல் மேல் இருக்கும் பிரியம் வரிக்கு வரி தெரிகிறது. ஆனாலும் ஒரு வரி அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. யமுனாவைக் காதலிக்கும் பாபுவின் நீண்ட காத்திருப்புக்குக் கடைசியில் பலன் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறார். அவனுக்குக் கிடைத்த பலன் என்று சொல்லிவிட்டால் யமுனா காத்திருந்த வருஷங்கள் எந்தக் கணக்கில் வரும்?

நான் பாபநாசத்துக்காரி. கும்பகோணம் பெண்கள் கல்லூரியில் படித்தவள். நாவலில் வரும் துக்காம்பாளையத் தெருவும் காவிரிப் படித்துறைகளும் நான் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்த இடங்கள். ஐம்பதுகளில் ‘சுதேசமித்திர’னில் தொடராக வந்தபோது இந்தக் கதை இங்கே எவ்வளவு பேச்சைக் கிளப்பியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். தன்னைவிடப் பத்து வயது மூத்த பெண்மேல் ஒரு பையன் உயிரை வைக்கிறான். அவளோ மராட்டியத் தாய்க்கும் பிராமணத் தந்தைக்கும் பிறந்தவள். இரண்டு பக்கத்திலும் அவளைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லை. வருகிற வரன் எல்லாம் தட்டிப்போகிறது. தந்தை போனபிறகு வீட்டில் வறுமை வேறு. பாபு காதலைச் சொன்னவுடனே அவள் ‘சரி’ என்றிருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். இவ்வளவையும் தினம் தினம் அனுபவித்துக்கொண்டிருக்கிறவளுக்கு, ஒரு பையனின் தவிப்பை நம்புவதற்கே எவ்வளவு காலம் பிடிக்கும்!

இதை நான் என் அத்தையிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு மூத்தவர். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் முதல் வேலை, எதிர்வீட்டில் வெள்ளி டம்ளர் இரவல் வாங்குவது. வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டு, காபி குடித்து, “போய் லெட்டர் போடறோம்” என்று எழுந்துபோவார்கள். அப்புறம் அத்தை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த டம்ளர்களைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். துளிப் பால்கறை இல்லாமல் துடைத்து, எண்ணிப் பார்த்து, அவரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பார். “என்ன சொன்னா?” என்று எதிர்வீட்டு மாமி கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். லெட்டர் வரவே வராது.

அதே தெருவில் ஒருவர் அத்தையை விரும்பினார். ஸ்கூல் வாத்தியார். உட்பிரிவு வேறு என்பதால் இரண்டு வீட்டிலும் பேச்சே எடுக்க முடியவில்லை. பெரியவர்கள் எல்லோரும் கண்ணை மூடின பிறகு, தலை நரைத்த வயதில், சுவாமிமலையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அறுபது படியையும் இருவரும் மெதுவாக ஏறினார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் மாமாவைத்தான் கொண்டாடினார்கள். “இத்தனை வருஷம் உனக்காகக் காத்திருந்திருக்காரே, குடுத்து வெச்சவடி நீ” என்று ஒரு பாட்டி அத்தையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அத்தையும் அதே வருஷங்களைத்தானே கழித்தார்? அதை ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அப்போதே தொண்டையை அடைத்தது.

பின்னாளில் லைப்ரரியிலிருந்து ‘மோகமுள்’ எடுத்துவந்து அத்தையிடம் கொடுத்தேன். மத்தியான நேரங்களில் ஊஞ்சலில் உட்கார்ந்து படித்து முடித்தார். “அந்தப் பொண்ணு ஏன் அத்தனை நாள் வேண்டாம்னு சொன்னான்னு எனக்குத் தெரியும்டி” என்றார். வேறொன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால்தான் யமுனா சென்னையில் கடைசியாக பாபுவுக்குச் சம்மதம் சொல்கிற இடம் வரும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. நன்றிக்கடனுக்காக இணங்கினாள், போக்கிடம் இல்லாமல் இணங்கினாள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதுவரை அவள் வாழ்க்கையை முடிவு செய்தவர்கள் எல்லாம் மற்றவர்கள். பார்த்துவிட்டுப் போனவர்கள், சொந்தக்காரர்கள், ஊர்வாய். முதல் தடவையாக அவளே முடிவு செய்கிறாள். அப்புறம், இருவரும் ஒன்றுசேர்ந்த பிறகு, இத்தனை தவிப்பும் இதற்காகத்தானா என்ற அர்த்தத்தில் அவள் கேட்கிற அந்தக் கேள்வி! அதில் ஒரு விலகலும் குளிர்ச்சியும் இருப்பதாகக் கட்டுரையாளர் சொல்கிறார். எனக்கு அது கொதிப்பாகத்தான் கேட்கிறது. தன் இளமை போன வழியெல்லாம் தெரிந்த ஒருத்தி கேட்கிற கேள்வி அது. பாபுவால் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. சொல்ல வைக்காமல் விட்டாரே தி.ஜா., அங்கேதான் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பாபுவை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ரங்கண்ணாவிடம் அவன் பாட்டுக் கற்கிற பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. காதில் விழுகிற ஓசையில் எல்லாம் சுருதியைத் தேடும் அந்தக் கிழவரிடம் உட்கார்ந்ததால்தான் அவனுக்குக் காத்திருக்கவும் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையில் தங்கம்மாவைப் பற்றி அரை வரிதான் இருந்தது, அதுவும் பாபுவின் சறுக்கல் என்ற கணக்கில். கிழவருக்கு வாழ்க்கைப்பட்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் மனதைக் கொடுத்து, கடைசியில் உயிரையே விட்ட சின்னப்பெண் அவள். காத்திருக்கக்கூட அவளுக்கு எதிரே ஒரு நாள் இல்லை. அவளை மட்டும் வைத்து ஒரு கட்டுரை வெளியிடுங்கள். முடிந்தால் ஒரு பெண்ணை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.