சிவப்புப் பட்டியல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஐயுசிஎன் (இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம்) சிவப்புப் பட்டியல் குழுவினருக்கு,

வணக்கம். எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று தீர்மானிக்கும் உங்கள் அளவுகோல்கள் எல்லா வகை உயிர்களுக்கும் பொருந்தும், நுண்ணுயிர்களைத் தவிர என்று உங்கள் 2001 விதித்தொகுப்பு சொல்கிறது. அந்தத் 'தவிர' பற்றித்தான் இந்த மடல்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கில்பர்ட் பொட்டரூ என்ற, கங்காருவுக்கு உறவான சிறு பிராணிக்கு உங்கள் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. எடை ஒரு கிலோ, வயிற்றில் பை, மண்ணுக்கடியில் விளையும் காளான்தான் அதற்கு ஏறக்குறைய முழுச் சாப்பாடும். அழிந்தேவிட்டது என்று நூறு வருடத்துக்கு மேல் நம்பப்பட்ட பிராணி, 1994இல் டூ பீப்பிள்ஸ் பே பகுதியில் குவாக்கா என்ற இன்னொரு சிறு பிராணிக்கு வைத்த கூண்டில் வந்து மாட்டியது. 2015 காட்டுத்தீயில் அதன் புதர்க்காடு பெரும்பாலும் எரிந்துபோனது. நல்லவேளை, சிலவற்றை முன்பே பால்ட் தீவில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இன்றும் நூறையொட்டிய எண்ணிக்கைதான். தலையை எண்ணலாம், கூண்டு வைக்கலாம், படம் போட்டு நிதியும் திரட்டலாம்.

அப்புறம் புரோக்ளோரோகாக்கஸ் என்ற கடல் பாக்டீரியா. ஒரே செல், குறுக்களவு சுமார் 0.6 மைக்ரான். வெப்பக்கடலில் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம் வரை இருக்கும். ஆனாலும் 1980களின் பிற்பாதி வரை இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வெயிலில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் இதை நம்பித்தான் நடுக்கடலின் உணவுச் சங்கிலி நிற்கிறது.

இது அழியப்போகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 28 டிகிரியைத் தாண்டினால் இது பிரிந்து பெருகும் வேகம் மளமளவென்று சரிகிறது என்று 2025இல் ஓர் ஆய்வு வந்தது. (வங்கக் கடலின் மேல்நீர் இப்போதே வருடத்தில் பல மாதம் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.) நூற்றாண்டு முடிவதற்குள் வெப்பமண்டலக் கடல்களில் இதன் உற்பத்தி 17 முதல் 51 சதவீதம் வரை குறையலாம் என்பது அந்த ஆய்வின் கணிப்பு.

ஓர் உயிரின் எண்ணிக்கை எவ்வளவு சரிகிறது என்று நீங்கள் பார்ப்பது பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அது. நாளுக்கொரு முறை பிரியும் செல்லுக்கு மூன்று தலைமுறை என்றால் மூன்றே நாள். சரி, பத்து ஆண்டையே எடுப்போம். முக்கால் நூற்றாண்டில் சீராகப் பரவும் 51 சதவீத இழப்பு, எந்தப் பத்தாண்டிலும் ஆபத்திலுள்ளதாகச் சேர்க்க நீங்கள் கேட்கும் குறைந்தபட்ச 30 சதவீதச் சரிவைத் தொடாது. கடலின் சோற்றுப்பானை பாதி காலியானாலும் உங்கள் பட்டியலில் ஒரு வரி மாறாது.

2025இல் நுண்ணுயிர்களுக்கென ஒரு வல்லுநர் குழு அமைத்தீர்கள், மகிழ்ச்சி. பொட்டரூவின் அளவுகோலையே சுருக்கி அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். பிரியும் வேகம், பரவியிருக்கும் பரப்பு, உற்பத்தி இந்த மூன்றையும் வருடாவருடம் கடல்வாரியாக வெளியிடச் சொல்லுங்கள். கப்பலில் போகும்போதே செல்களை எண்ணும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

அன்புடன்,
ஒரு வாசகர்