நடிகர் சந்திரபாபுவைப் பற்றி மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

போன செவ்வாய்க்கிழமை இரவு ஒன்றரை மணிக்கு நீ உன் அம்மாவுக்கு அனுப்பிய செய்தியை அவள் அழுதுகொண்டே எனக்கு வாசித்துக் காட்டினாள். "சந்திரபாபு அந்த அளவுக்குப் போன பிறகுதானே ஆட்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்" என்று எழுதியிருந்தாய். சட்டையை மாட்டிக்கொண்டு காலி வீதிக்கு ஓடி வந்து ஓட்டோ பிடித்தேன். அந்த நேரத்தில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு அதிக நேரம் ஆகாது. ஆனால் அன்று காலிமுகத்திடலைத் தாண்டும்போது எனக்குக் கை நடுங்கியது. கதவைத் திறந்து "பகிடிக்கு எழுதினேன் மாமா" என்றாய். மேசையில் பாதி தின்ற மாலு பாண், காய்ந்துபோன பிளேன்ரீக் கோப்பை. விடியும்வரை இரண்டு பேரும் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை.

அன்று வாயில் வராததை இப்போது எழுதுகிறேன். உன்னிடம் கேட்டு, நீ சரி என்ற பிறகுதான் இதை எல்லாரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன். உன் வயதில், உன்னைப் போல நடிகனாகும் ஆசையில், இதே நினைப்போடு அலையும் பிள்ளைகள் இந்த ஊரில் இன்னும் பல பேர் இருக்கிறார்கள்.

சந்திரபாபுவை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் உன் தாத்தா. காலையில் இலங்கை வானொலியில் 'பொங்கும் பூம்புனல்' போகும்போது அவர் சவரம் செய்துகொண்டிருப்பார். சந்திரபாபுவின் குரல் வந்துவிட்டால் கத்தியைக் கீழே வைத்துவிடுவார், பாட்டு முடிந்த பிறகுதான் மற்றக் கன்னம். "இவன் நம்ம கொழும்பில் வளர்ந்த பிள்ளை, தெரியுமா?" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். அந்தப் பெருமையைத்தான் நான் உனக்குக் கடத்தினேன். அதோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய மற்றக் கதையைச் சொல்லாமல் விட்டேன். அது என் பிழை.

ஜோசப் பனிமயதாஸ் என்ற அவருடைய சொந்தப் பெயரைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். பனிமய மாதா கோயில் இருக்கிற தூத்துக்குடி. 1927 ஆகஸ்ட் 5இல் பிறந்தார். தகப்பனார் ரொட்ரிகஸ் சுதந்திரப் போராட்டக்காரர், பத்திரிகை நடத்தியவர். வெள்ளைக்காரன் சொத்தைப் பறித்தான், குடும்பம் கடல் தாண்டி இலங்கைக்கு வந்தது. வசதியாக இருந்த வீடு ஒன்று இல்லாமல் போய், பிள்ளை கொழும்பில் பள்ளிக்கூடம் போனான். 1943இல் திரும்பிச் சென்னைக்குப் போய்த் திருவல்லிக்கேணியில் குடியேறினார்கள். அப்போது அவருக்குப் பதினாறு வயது. மனிதனுக்குக் காது திறக்கிற வயது முழுவதும் அவருக்கு இந்த ஊரில்தான் கழிந்திருக்கிறது.

இதை நினைத்துப் பார். அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் தமிழ், சிங்களம், இங்கிலீஷ், மலாய், பறங்கியர் வீட்டுப் பாட்டு என்று எல்லாம் காதில் விழும். பைலா கேட்டால் காலைச் சும்மா வைத்திருக்க முடியாத ஊர் இது. அவர் பாட்டுகளில் குரலை உடைத்து உடைத்து மேலே எறிவாரே, அந்த யோட்லிங், அதைத் தமிழ் சினிமாவில் அவரைப் போலச் செய்தவர் வேறு யார்? அதன் விதை இங்கே விழுந்தது என்பது என் நம்பிக்கை. உன் தாத்தாவுக்கும் அதே நம்பிக்கைதான்.

சரி, நீ திரும்பத் திரும்பச் சொல்கிற அந்த 1952க்கு வருகிறேன். யூடியூப்பில் சோக இசை போட்டுச் சொல்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். வாய்ப்புக் கேட்டு அலைந்தார், ஜெமினி முதலாளி எஸ்.எஸ். வாசனைப் பார்க்க முடியவில்லை, ஜெமினி ஸ்டூடியோவிலேயே உயிரை விடத் துணிந்தார், பிழைத்தார், வழக்கு நடந்தது. நீதிபதி முன்னால் நடித்துக் காட்டினார் என்று ஒருவர் சொல்வார், வேறு ஏதோ செய்தார் என்று இன்னொருவர் சொல்வார். பிறகு ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் வேடம் கிடைத்தது. கேட்கிற உனக்கு இது எப்படிப் பதிந்திருக்கிறது? செத்துப் பார்த்தான், கதவு திறந்தது என்று.

தம்பி, அது அப்படி நடக்கவில்லை. அவருடைய முதல் படம் 'தன அமராவதி' வந்தது 1947இல். அதற்குப் பிறகு ஐந்து வருடம் சின்னச் சின்ன வேடம், நாடகம், பாட்டு என்று ஓடிக்கொண்டிருந்தார். ஜெமினி வாசலில் நின்ற நாளில் அவருக்குப் பாடத் தெரியும், ஆடத் தெரியும், இங்கிலீஷ் தெரியும், கமெராவுக்கு முன்னால் நின்ற பழக்கமும் இருந்தது. அன்று யாரோ ஓடிப்போய்த் தூக்கினார்கள், யாரோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் உன் தாத்தா கத்தியைக் கீழே வைத்துக் கேட்ட பாட்டு ஒன்றுகூட இருந்திருக்காது. 'புதையல்' இல்லை, 'சபாஷ் மீனா' இல்லை, 'சகோதரி' இல்லை. அந்த நாள் அவர் கதையை மொத்தமாக முடித்துவிடப் பார்த்த நாள். அதைத் தொடக்கம் என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்குப் பிறகும் உடனே கொடி பறக்கவில்லை. 1954இல் ஏவிஎம்மின் 'பெண்' படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்குப் பின்னணி பாடினார். திரையில் முகம் இன்னொருவருடையது, குரல் மட்டும் இவருடையது. இன்றைக்கு உன்னிடம் ஒருவர் வந்து "முகம் வேண்டாம், குரல் மட்டும் கொடு" என்று கேட்டால் போவாயா? அவர் போனார். நன்றாகவும் செய்தார். 'சபாஷ் மீனா' வந்தது 1958இல். முதல் படத்திலிருந்து எண்ணினால் பதினொரு வருடம்.

அந்தப் படத்தை உன் போனில் இன்னொரு தடவை போட்டுப் பார். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார். இரண்டு வேடம். சிவாஜிக்கு நண்பராக வருகிறவர் ஒருவர், ரிக்‌ஷாக்காரர் இன்னொருவர். சத்தம் இல்லாமலேயே யார் யார் என்று உனக்குத் தெரிந்துவிடும். தோளை வைத்திருக்கிற விதம் வேறு, கை தொங்குகிற விதம் வேறு, நிற்கும்போது உடம்பின் பாரத்தை எந்தக் காலில் போடுகிறார் என்பதுகூட வேறு. பிறகு சத்தத்தைத் திற. ரிக்‌ஷாக்காரர் பேசுவது மெட்ராஸ் பாஷை. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஒருவர், பதினாறு வயதில் போய் இறங்கிய ஊரின் தெருப் பேச்சை, அந்த ஊர்க்காரரே கைதட்டும்படி பேசுகிறார். இதற்கு எத்தனை நாள் ரிக்‌ஷா ஸ்டாண்டில் நின்று காது கொடுத்திருக்க வேண்டும்! பட்டினி கிடந்தால் இது வருமா? பட்டினி கிடப்பவனுக்குத் தன் வயிற்றுச் சத்தம்தான் கேட்கும்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். அவரைத் தூக்கி நிறுத்தியது அவருடைய காதும் உடம்பும், வருடக் கணக்கில் விடாமல் செய்த வேலையும். கஷ்டம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது, கொடுக்கவில்லை. பெயர் வந்த பிறகும் அது அவரை விடவில்லை. 1958இல் செய்த கல்யாணம் நிலைக்கவில்லை. எம்.ஜி.ஆரை வைத்து எடுக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்று கையைக் கடித்தது. ஆசை ஆசையாகக் கட்டிய வீடு கையை விட்டுப் போனது. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்று தானே ஒரு படத்தை இயக்கியும் பார்த்தார். குடி உடம்பைத் தின்றது. 1974 மார்ச் 8இல் போய்விட்டார். 46 வயது. எனக்கு இப்போது 52. என்னைவிட ஆறு வயது இளையவராகச் செத்துப்போன ஒருவரைப் பற்றித்தான் நீ பொறாமையோடு எழுதியிருந்தாய்.

உனக்கு நடந்ததை நான் லேசாக எடுக்கவில்லை. "நாளைக்கு வா, நாளைக்கு வா" என்று மூன்று மாதம் அலைக்கழித்துவிட்டு, கடைசியில் நீ எழுதிய காட்சியை வேறு பையனை வைத்து எடுத்துப் போட்டார்கள். உன் பெயர்கூட வரவில்லை. அதைப் பார்த்த அன்று எனக்கே நெஞ்சு எரிந்தது. அநியாயம் அநியாயம்தான். அதற்காக அம்மா அனுப்பிய காசைத் திருப்பி அனுப்புவதும், போன் கடை வேலையை விடுவதும், "கலைஞன் என்றால் காய வேண்டும்" என்று சொல்வதும் எதற்கு? நாகேஷ் ரயில்வேயில் கிளார்க்காக இருந்துகொண்டுதான் நாடகம் போட்டார். பகலில் சம்பளம், மாலையில் மேடை. அந்தச் சம்பளத்தால் அவருடைய நடிப்பு ஒரு இம்மியாவது குறைந்ததா?

நம் ஊரையே எடுத்துக்கொள். மரைக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால். வேடப் பெயரே சொந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வானொலி நாடகத்தில் ஊரைச் சிரிக்க வைத்தார்கள். மைக்குக்கு முன்னால் நின்று, முகமே தெரியாமல், குரலால் மட்டும். அந்தச் சிரிப்பு வளர்ந்துதான் 1976இல் 'கோமாளிகள்' என்று படமாக வந்தது. சென்னைக்குப் போனால்தான் நடிகன் என்று அவர்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை. நீ போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். போவதானால் டிக்கெட்டுக்கு நானும் காசு போடுவேன். வயிறு நிறைந்து, ஆறு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு போ.

இன்னொன்று. அந்த இரவு மாதிரி மறுபடியும் ஒரு இரவு வந்தால், பகிடி என்று எழுதி மூடாதே. எனக்கு எடு, எத்தனை மணியானாலும். என்னிடம் சொல்ல முடியாவிட்டால் 1926க்கு எடு, இலங்கையில் மனநலத்துக்கென்றே இருக்கிற இலக்கம் அது. இதை வாசிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சந்திரபாபுவின் பாட்டுகளை நீங்கள் சோகமாய் இருக்கும்போது கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் கேட்டவன்தான். அந்தக் குரல் நமக்குக் கிடைத்தது அன்று அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களால்.

உனக்கு ஒன்பது வயதில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? 101 பஸ்ஸில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், பழைய ரிசீட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல்களுக்கு நடுவே செருகிக்கொண்டு, கதவு நிலையில் ஒற்றைக் காலில் தொங்கி, கோட்டைக்கு ஆள் கூப்பிடுகிற கொண்டக்டர் மாதிரி "கொட்டுவ, கொட்டுவ, கொட்டுவ" என்று தொடங்கினாய். அம்மம்மா டிக்கெட் கேட்டபோது, மிச்சக் காசை இறங்கும்போது தருவதாகச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்த முகத் திருப்பல்! அம்மம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாத்தா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அப்போது உனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வயிறு நிறையப் புட்டுச் சாப்பிட்டிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வா. உன் மாமி இடியப்பமும் சொதியும் செய்கிறேன் என்றாள், உன் அம்மாவும் வருகிறாள். அந்தப் பலசரக்குக் கடை ஐயாவை மறுபடியும் செய்து காட்டு. போன தடவை நடையும் இருமலும் அப்படியே இருந்தது, ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். பார்சல் கட்டி முடித்ததும் அவர் நூலைக் கையால் அறுக்க மாட்டார். குனிந்து, கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார், கடிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடுத்த ஆளின் சாமான் துண்டை வாசிப்பார். வருகிற வழியில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
மாமா
வெள்ளவத்தை